டீச்சர், நான் எங்கே ஓடட்டும்?

வடசென்னையில் ஓடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், முப்பது ஆண்டுகள் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற காலடிப்பேட்டைக்காரர்.

தண்டையார்பேட்டை வாசகர்: என் ஆபீசில் ஓடுகிறவர்கள் எல்லோரும் மெரினா, பெசன்ட் நகர் என்றுதான் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் பைக் எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். நம் பக்கம் ஓட இடமே இல்லையா டீச்சர்? நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள்?

இருக்கிறது தம்பி. நான் ஓடுவது திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மாட வீதிகளில். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இதுதான் என் மைதானம். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வீட்டுக் கதவைச் சாத்துவேன். மெட்ரோ தூண்களை ஒட்டி மெதுவாக நடந்து தேரடிக்கு வருவதற்குள் கணுக்கால் இளகிவிடும். அங்கிருந்து ஓட்டம். தேர் போவதற்காக விட்ட வீதிகள் அவை, கன்டெய்னர் லாரி உள்ளே வராது. முனைகளில் தேரைத் திருப்புவது போலவே நானும் அகலமாக வளைந்து திரும்புவேன். சட்டென்று முறித்துத் திரும்பினால் முழங்கால் தாங்காது.

அந்த நேரத்தில் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்கள். தெளித்த இடம் வழுக்கும், போட்ட கோலத்தில் கால் படக்கூடாது, அதனால் வீதியின் நடுவிலேயே ஓடுவேன். சுற்றுக் கணக்குக்கு வலது பாக்கெட்டில் புளியங்கொட்டை வைத்திருப்பேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை இடது பாக்கெட்டுக்குப் போகும். போனும் கடிகாரமும் வந்த பிறகும் இதை நான் விடவில்லை. விரலில் அந்த வழவழப்பு பட்டதும் மூச்சு தானாக ஒரு நிதானத்துக்கு வந்துவிடுகிறது.

பௌர்ணமி நாட்களில் மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று பேரையும் ஒரே நாளில் பார்க்க வருகிறவர்களுடைய கூட்டம் அன்றைக்கு இருக்கும். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாசித் திருவிழா சமயத்திலும் அப்படித்தான். போன மாதம் பத்து நாள் நான் ஓடவில்லை, சாமி பார்த்தேன்.

சுற்றுகள் முடிந்ததும் பட்டினத்தார் சமாதிப் பக்கம் போவேன். இடையில் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்க வேண்டும், அதை நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, நடந்தே கடந்துவிடுங்கள். கையில் கரும்போடு நிற்கும் பட்டினத்தாருக்கு ஒரு கும்பிடு. பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். அது இனித்த ஊர் நம் ஊர்.

அங்கிருந்து பார்த்தால் கரையில் மணல் இருக்காது, கருங்கல்தான் கொட்டிக் கிடக்கும். என் பாட்டி அந்தக் கடலுக்கு மணலில் நடந்து போனதைக் கதையாகச் சொல்வார். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தங்கியது. மெரினா அகலமானது. இந்தப் பக்கம் கடல் கரையை அரித்தது, வீடுகளையும் கொண்டுபோனது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்களும், கடலுக்குள் கல்லால் நீட்டிய தூண்டில் வளைவுகளும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் ஓடுகிற மணலில் நமக்கு வர வேண்டிய பங்கும் இருக்கிறது தம்பி. தாராளமாக ஓடிவிட்டு வாருங்கள். ஆனால் மற்ற ஆறு நாளும் இங்கே ஓடுங்கள். கற்கள் மேல் மட்டும் ஏறாதீர்கள், பாசி பிடித்திருக்கும்.

புதுவண்ணாரப்பேட்டை வாசகி: எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். ஓட வேண்டும் என்று ஆசை. தெருவில் எல்லோரும் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருக்கிறது. "இந்த வயசுல என்ன ஓட்டம்" என்கிறார் மாமியார். எங்கே, எந்த நேரத்தில் ஓடலாம்?

தங்கச்சி, ஒரு நாள் நாலு மணிக்கு எழுந்து சூரிய நாராயண செட்டி தெருப் பக்கமோ காசிமேடு போகிற எந்தச் சாலையிலோ நின்று பார். மீன் எடுக்கப் போகிற அம்மாக்கள் போய்க்கொண்டிருப்பார்கள். ஷேர் ஆட்டோவில் அலுமினிய அன்னக்கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மடியில் வைத்திருப்பார்கள். இடம் கிடைக்காதவர்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் ஓடுகிற வேகத்தில் நடப்பார்கள். யார் பார்ப்பார்களோ என்று அவர்கள் யாரையும் கேட்பதில்லை. இந்த ஊரில் விடியற்காலைச் சாலை எத்தனையோ தலைமுறையாகப் பெண்களுடையது. அங்கே நாமும் போய்ச் சேர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

காசிமேட்டுப் பக்கம் ஓடிய நாட்களில் எனக்கு அப்படி ஒரு அம்மா பழக்கமானார். ஒரு வாரம் காய்ச்சலில் நான் போகவில்லை. மறு வாரம் என்னைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "இன்னா டீச்சர், ஆளையே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தச் சாலையில் எனக்கு வந்த தைரியம் இன்னும் குறையவில்லை. அதனால் நான் சொல்வது, நேரத்தை மாற்றாதே. தினமும் ஒரே நேரம், ஒரே தெரு. பால் பூத்காரர், டீ மாஸ்டர், தெரு பெருக்குகிற அம்மா எல்லோருக்கும் நீ தெரிந்த முகமாக வேண்டும்.

ஒரு முறை பைக்கில் ஒரு பையன் இரண்டு நாள் பின்னாலேயே வந்தான். வண்டி எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு நேரே டீக்கடைக்குள் போய் நின்றேன். கடையில் இருந்த நாலு பேர் வெளியே வந்தார்கள். அப்புறம் அவன் வரவில்லை. கடை எதுவும் திறக்காத நீளமான மதில் ஓரத் தெருக்களை விட்டுவிடு. பெண்களுக்கான உதவி எண் 181. போனில் முதல் எண்ணாக வைத்துக்கொள்.

முதல் வாரம் நாலு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓட்டம், இப்படி ஆறு தடவை. ஒரு வாரம் விட்டு ஓட்டத்தை ஒரு நிமிஷம் கூட்டு, நடையை ஒரு நிமிஷம் குறை. சுடிதாரில் தாராளமாக ஓடலாம், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள் அல்லது விட்டுவிடு. விளையாட்டுக்கென்றே விற்கும் உள்ளாடைக்குக் காசு செலவழி, அதில் சிக்கனம் பார்க்காதே. சரி, மாமியார்? அவரையும் கூட்டிக்கொண்டு போ. அவர் நடக்கட்டும். நீ முன்னால் ஓடி, திரும்பி அவரிடம் வந்து, மறுபடி முன்னால் ஓடு. அவருக்கும் நல்லது, உனக்கும் துணை.

எர்ணாவூர் கல்லூரி மாணவர்: வரும் ஜனவரியில் அரை மாரத்தான் ஓட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் எண்ணூர் விரைவுச் சாலை நேராக, மேடு பள்ளம் இல்லாமல் கிடக்கிறது. 15 கிலோமீட்டர் பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் கண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

நானும் அந்தச் சாலையில் ஓடியவள்தான். ஒரு மார்கழி மாதம், இருட்டு விலகாத நேரம். பின்னால் டிரெய்லர் வரும் சத்தம் கேட்டு ஓரமாக ஒதுங்கினேன். வண்டி என்னைத் தொடவில்லை. தார்ப்பாய் கட்டியிருந்த கயிற்றின் நுனி அவிழ்ந்து காற்றில் ஆடிக்கொண்டு வந்திருக்கிறது. அது சாட்டை மாதிரி தோளில் விழுந்தது. பத்து நாளைக்குக் கோடு மறையவில்லை. கயிறுக்குப் பதில் கம்பியாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றோடு அந்தச் சாலையில் ஓடுவதை விட்டுவிட்டேன்.

டிரைவர்களைக் குறை சொல்ல மாட்டேன். துறைமுக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் காத்துக் கிடந்து தூக்கம் கெட்டவர்கள் அவர்கள். அந்த உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின் இடது மூக்கடியில் இருக்கிற ஆள் தெரியவே மாட்டார். வளைவில் முன்பக்கம் உன்னைத் தாண்டிப் போய்விடும், பின்பக்கம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும்.

அதற்குப் பதில் ஞாயிறு விடியற்காலை மெட்ரோவின் கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வா. விம்கோ நகரில் தொடங்கு. திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று தலைக்கு மேலே நிலையங்கள் வரிசையாக வரும். விம்கோ நகரிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை தூரம் 9 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் திறந்த பாதை. நிலையத்துக்கு நிலையம் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இதைவிட நல்ல மைல்கல் யார் நட்டு வைப்பார்கள்? ஒரு நிலையம் வேகமாக, அடுத்த நிலையம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடு. புதுவண்ணாரப்பேட்டை தாண்டினால் ரயில் பூமிக்குள் இறங்கிவிடும், மைல்கல்லும் மறைந்துவிடும். அங்கே திரும்பிவிடு. அல்லது ஒரு வழி மட்டும் வண்ணாரப்பேட்டை வரை ஓடிவிட்டு ரயிலில் வீட்டுக்கு வா. மாற்றுச் சட்டையும் துண்டும் இடுப்புப் பையில் இருக்கட்டும். ஈரச் சட்டையோடு ஏசி பெட்டியில் உட்காராதே. அந்தச் சாலையிலும் வண்டி உண்டு, அதனால் நடைபாதை இருக்கிற இடத்தில் நடைபாதை, இல்லாத இடத்தில் எதிரே வருகிற வண்டியைப் பார்க்கிற மாதிரி வலது ஓரம். காதில் பாட்டு வேண்டாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிர உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை வேகத்தைப் பற்றி யோசிக்காதே. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். எனக்குத் தெரிந்து ஓட்டத்துக்கு அப்புறம் உப்புப் போட்ட நீராகாரத்துக்கு ஈடு எதுவும் இல்லை. சின்ன வெங்காயம் இரண்டு கடித்துக்கொள். அக்டோபர், நவம்பரில் வேகம் தானாக வரும். கடைசி நீள ஓட்டம் ஒன்றுக்கு மட்டும் மெரினா பக்கம் போய்விட்டு வா.

ராயபுரம் வாசகர்: ஐந்து வருஷமாக ஒரே தெரு, ஒரே பூங்கா. அலுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

ராயபுரத்தில் இருந்துகொண்டு அலுப்பா? வாரத்தில் ஒரு நாள் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு ஊரைப் பார்க்க ஓடுங்கள் ஐயா. ராயப்பர் கோயிலிலிருந்து, அதாவது புனித பேதுரு தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள், ஊருக்குப் பெயர் கொடுத்தவரே அவர்தான். அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காடு பக்கத்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். முகப்புத் தூண்களைக் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறகு பழைய சிறைச்சாலை சாலைப் பக்கம் மாடிப் பூங்கா. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டுப் போன பிறகு கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கட்டிய மதில் மிச்சம் இருக்கிற இடம் அது. அந்த மதிலுக்கு வரி போட நினைத்ததால்தான் வால்டாக்ஸ் சாலைக்கு அந்தப் பெயர். மதில் மேல் ஏறுகிற படிகள் தொடைக்கு நல்ல பயிற்சி, நாலு தடவை ஏறி இறங்குங்கள். கடைசியாக ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். கட்சி எதுவாக இருந்தாலும் அங்கே நின்று ஒரு நிமிஷம் தண்ணீர் குடிக்கலாம்.

ஞாயிறு ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் காசிமேட்டுக்கு மீன் வாங்க வருகிற பைக்குகளே சாலையை அடைத்துக்கொள்ளும்.

கொருக்குப்பேட்டை வாசகர்: நாய்கள் துரத்துகின்றன. என்ன வழி?

நின்றுவிடுங்கள். ஓடுவதால்தான் அது துரத்துகிறது. நின்று, கண்ணை நேராகப் பார்க்காமல், அதற்கு முதுகும் காட்டாமல் மெதுவாக நடந்து அந்தத் தெருவைக் கடந்துவிட்டு அப்புறம் ஓடுங்கள். கல்லை எடுக்காதீர்கள், நாளைக்கும் அதே தெருவில்தான் ஓட வேண்டும். கடித்துவிட்டால், பல் லேசாகக் கீறினாலும் சரி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. முழுத் தவணையும் போட்டு முடியுங்கள்.

சாத்தாங்காடு வாசகி: விடியற்காலை ஓடலாம் என்று வெளியே வந்தால் சில நாள் வாயு நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. சில நாள் ஒன்றுமே இல்லை. ஓடுவது நல்லதா, கெடுதலா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் ஜன்னலைத்தான் நினைத்தேன். இரவில் அதைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று முடிவு செய்வது மணலியிலிருந்து வரும் காற்று.

இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் போகும். ஆலைகள் இருக்கும் மணலி நமக்கு மேற்கே, கடல் கிழக்கே. நடுவில் நீங்களும் நானும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கதை மாறும், கடற்காற்று உள்ளே வரும், நாற்றம் விலகும். நீங்கள் சொல்கிற "சில நாள்" இப்படி வருவதுதான். மார்கழி, தை மாதங்களில் இன்னும் மோசம். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும், மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும், புகை எழும்ப வழி இருக்காது. போகி அன்று ஓடவே ஓடாதீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய் ஐந்து நிமிஷம் நிற்பேன். மூக்கோ கண்ணோ எரிந்தால் அன்று காலை ஓட்டம் இல்லை, வீட்டுக்குள் உடற்பயிற்சி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலிக்கான காற்றுத் தர எண்ணையும் பார்ப்பேன். 100க்கு மேல் போனால் வேகம் இல்லை, 200க்கு மேல் போனால் ஓட்டமே இல்லை. வெயில் காலத்தில் கடற்காற்று வீசும் மாலை நேரத்துக்கு ஓட்டத்தை மாற்றிக்கொள்வேன். மாலை ஐந்தரைக்கு மேல் முகத்தில் அடிக்கிற உப்புக் காற்று, நாள் முழுக்க இந்த ஊர் நமக்குக் கொடுத்த எல்லாவற்றையும் மன்னிக்க வைக்கும். இளைப்பு இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடக்கூடாது.

2023 டிசம்பர் 26 இரவை நம்மில் யாரும் மறக்கப் போவதில்லை. எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். ஓடத் தெரிந்தவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வாயு வந்தால் காற்றடிக்கும் திசையிலேயே ஓடக்கூடாது, அது உங்கள் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக ஓடி அந்தப் பாதையிலிருந்து விலகுங்கள். அமோனியா தண்ணீரில் சுலபமாகக் கரையும், அதனால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். இதை ஓட்டப் பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. காற்று நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிற இடத்திலெல்லாம் கேளுங்கள். ஓடுகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மூச்சை இழுக்கிறவர்கள்.

பெரம்பூர் வாசகர்: வயது 61. முழங்கால் லேசாக வலிக்கும். ஓடலாமா?

முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி மூன்றும் பார்த்துவிட்டு வாருங்கள் ஐயா. எல்லாம் சரி என்றால் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் போய்ப் பாருங்கள். வடசென்னையில் அந்த மாதிரி மர நிழல் எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரை ஓட்டம், அதற்கடுத்த மரம் வரை நடை. சிமென்ட் சாலையைவிட மண் ஓரம் முழங்காலுக்கு நல்லது. தார்ச் சாலை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் பாரம் கூடும். அதனால் மண் ஓரம் இல்லாத நாட்களில் வண்டி வராத உள்தெருவின் நடுவே ஓடுங்கள். நெஞ்சு இறுக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

வியாசர்பாடி வாசகர்: மழைக்காலத்தில் என்ன செய்வது?

கணுக்கால் மூழ்கும் தண்ணீரில் ஓடாதீர்கள். மூடி இல்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. காலில் சின்னப் புண் இருந்தாலும் எலிக்காய்ச்சல் வரலாம். மழை பெய்யும் வாரம் வீட்டு மாடிப்படி போதும்.

காசிமேடு, ஒன்பதாம் வகுப்பு மாணவி: ஸ்போர்ட்ஸ் டேவில் 800 மீட்டரில் இரண்டாவது வந்தேன். வெறுங்காலில்தான் ஓடினேன். முதல் சுற்றில் நான்தான் முன்னால் இருந்தேன், கடைசியில் ஒரு அக்கா தாண்டிவிட்டார். எங்கள் பள்ளியில் மைதானம் இல்லை. மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும். அப்பா மீன்பிடி போட்டுக்குப் போகிறார், அம்மா மீன் விற்கிறார். எங்கே பயிற்சி செய்வது டீச்சர்?

கண்ணு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

அந்த அக்கா உன்னைத் தாண்டிய காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் இருநூறு மீட்டரை நீ நூறு மீட்டர் ஓடுகிற மாதிரி ஓடியிருக்கிறாய். 800 மீட்டர் இரண்டு சுற்று. முதல் சுற்றும் இரண்டாவது சுற்றும் நேரத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வித்தியாசப்படாமல் ஓடக் கற்றுக்கொள். மற்றவர்கள் முன்னால் போகட்டும், பயப்படாதே.

பள்ளியில் 30 மீட்டர் டேப் இருக்கும், உங்கள் பி.டி. டீச்சரிடம் கேட்டு வாங்கு. லாரி வராத உங்கள் தெருவில் நூறு மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போடு. அதுதான் உன் மைதானம். வாரத்தில் ஒரு நாள் 20 நிமிஷம் மெதுவான ஓட்டம். இன்னொரு நாள் 200 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் நடை. ஆறாவது தடவை முதல் தடவை வந்த அதே நேரத்தில் வர வேண்டும், அதுதான் பரீட்சை. மூன்றாவது நாள் உங்கள் காசிமேட்டு என்4 பீச்சில் ஈர மணலில் முழங்காலை உயர்த்தி ஐம்பது மீட்டர் ஓட்டங்கள். மணலில் வெறுங்கால் நல்லதுதான், ஆனால் ஓடுவதற்கு முன் அந்த ஐம்பது மீட்டரையும் நடந்து கண்ணாடித் துண்டு பொறுக்கிவிடு. மற்ற நாட்களில் ஓய்வு, கயிறு தாண்டுவது, அம்மாவுக்கு உதவி.

வீட்டில் மீன் இருக்கிறது, அதைவிட என்ன வேண்டும்? கூடவே முருங்கைக்கீரை, வாழைப்பழம், கடலை உருண்டை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதே. மாதவிலக்கு நாட்களில் வலித்தால் ஓய்வெடு, வலிக்கவில்லை என்றால் ஓடலாம், தப்பே இல்லை. போட்டிக்கு முன்னால் ஒரு தடவையாவது பெரியமேடு நேரு ஸ்டேடியம் ட்ராக்கில் வளைவு ஓடிப் பார்க்க வேண்டும், அனுமதிக்கு உங்கள் டீச்சர் எழுதிக் கேட்கட்டும். ஷூ பற்றிக் கவலைப்படாதே, காலின் அளவை ஒரு தாளில் வரைந்து இந்தப் பத்திரிகை முகவரிக்கே அனுப்பு.

உன்னை மாதிரி ஒரு பெண் பல வருஷம் முன்னால் என்னிடம் ஓடினாள். அவள் அப்பாவும் போட்டுக்குப் போகிறவர். அவர் கரையில் இருந்ததே மீன்பிடி தடைக்காலத்தில்தான். வலை பழுது பார்க்கிற நேரம் போக விடியற்காலை அவளோடு வருவார். என் ஸ்டாப்வாட்சை அவர் கையில் கொடுத்தேன். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கட்டைவிரல் அவருக்கு, அந்தச் சின்ன பட்டன் அதற்குள் மறைந்தே போகும். முதல் தடவை அழுத்தியது விழவில்லை. இரண்டாவது தடவை இரண்டு முறை விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை அவள் கோட்டைத் தாண்டிய அதே நொடியில் அழுத்தினார். எத்தனை நொடி என்று நான் கேட்டேன். அவர் வாட்சைப் பார்க்கவே இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்து நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர் கையைத் திருப்பி நேரத்தைப் படித்தேன்.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் உன் அப்பாவும் கரையில் இருப்பார். உனக்கும் பரீட்சை முடிந்து லீவு வந்துவிடும். ஏப்ரல் 15க்கு அப்புறம் வருகிற முதல் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் என்4 பீச்சுக்கு வருகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. ஸ்டாப்வாட்ச் இன்னும் என்னிடம் இருக்கிறது, பேட்டரி மாற்றி எடுத்து வருகிறேன்.